கங்காணியும் கண்காணிப்பும்

தமிழில் ஒரே வேரிற் பிறந்த இரு சொற்கள் இன்று வெவ்வேறு வாசல்களில் நிற்கின்றன. ஒன்று ‘கங்காணி’, மற்றது ‘கண்காணிப்பு’. கண்காணி என்பதன் மருஉவே கங்காணி என்பதை இலக்கணம் கற்ற மாணவர் அறிவர். ஆயின், சப்பிரகமுவாவின் தோட்டங்களிலே அச்சொல் இலக்கணத்தின் வழியாக அறியப்பட்டதன்று. ஆள் கட்டிக் கடல் கடத்தியவன், கடனிற் பெயர் எழுதியவன், விடியற்காலையிற் பெரட்டுக் களத்திலே தலைகளை எண்ணியவன், நிரையிற் பின்தங்கியவளை வைதவன் என இத்தனை பேரும் சேர்ந்த ஓர் உருவமாகவே அது நம் பாட்டன்மாரின் நினைவில் நின்றது. மற்றைச் சொல்லோ வெள்ளுடை தரித்தது. ‘நோய்க் கண்காணிப்பு’ என்று சுகாதாரப் பகுதியாரின் ஏடுகளில் அது வரும். அங்கே அதற்குச் சாட்டையில்லை. ஊசியும் கண்ணாடிக் குழாயும் உண்டு.

இவ்விரண்டுக்கும் உள்ளது வெறும் சொல்லுறவுதானா, பொருளுறவும் உண்டா? பாலுறவால் தொற்றும் நோய்கள் எங்கே, யாரிடத்தில், எவ்வளவு உள்ளன என்று அறிவதற்காக அரசும் மருத்துவமும் ஏழை மக்களின் உடலை உற்று நோக்குகின்றன. அவ்வாறு நோக்க அவர்களுக்கு உரிமை உண்டா? உண்டெனின், நோக்குவோர் நோக்கப்படுவோருக்குப் பட்ட கடன் யாது?

இவ்வினாவை நாம் நூல்களிலிருந்து எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு கடிதம் அதனை நம் முன் வைத்தது.

நாம் கற்பிக்கும் பாடசாலை இரத்தினபுரி மாவட்டத்தின் மலைச்சரிவொன்றில் இருக்கிறது. மேலே தேயிலை, கீழே இறப்பர், அதற்கும் கீழே சிங்களக் கிராமத்தின் வயல். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள், நம் வகுப்பு மாணவி ஒருத்தியின் தாய், கொழுந்துப் பையைத் தலையிலிருந்து இறக்காமலே பாடசாலை வாயிலில் வந்து நின்றாள். வயிற்றிலே ஆறேழு மாதக் குழந்தை. கையில் ஒரு கடிதம். “சேர், இது என்னான்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க” என்றாள். கடிதம் முழுவதும் சிங்களத்தில் இருந்தது. 1987இல் அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் தமிழையும் ஆட்சிமொழியாக்கிற்று. ஆயினும் அந்தத் திருத்தம் மலையேறித் தோட்டத்து லயத்துக்கு வந்து சேர எத்தனை ஆண்டுகள் ஆகும் என்பதைத் திருத்தம் கூறவில்லை.

நமக்குச் சிங்கள எழுத்துத் தெரியும். அலுவலகச் சிங்களம் முழுதும் விளங்காது. ஆகவே நாம் ஒரு காரியம் செய்தோம். பாடசாலைக்கு எதிரே கடை வைத்திருந்தவரை அழைத்து, வாசித்துச் சொல்லுமாறு கேட்டோம். அவர் நல்லவர், உரத்த குரலிலே வாசித்தார். கருவுற்ற தாய்மாருக்குச் செய்யும் இரத்தப் பரிசோதனையில் ஐயம் எழுந்துள்ளதென்றும், மறுபரிசோதனைக்காக நகர வைத்தியசாலையின் இன்ன நிலையத்துக்கு வரவேண்டுமென்றும் அதில் எழுதியிருந்தது. அந்நிலையத்தின் பெயரே எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. கடையிலே நான்கு பேர் நின்றிருந்தார்கள்.

மாலைக்குள் செய்தி பைப்படிக்கு வந்துவிட்டது. மறுநாள் அப்பெண்ணின் குடம் வரிசையிலிருந்து ஒதுக்கி வைக்கப்பட்டது. அவள் மகளோடு வாங்கில் அமர்ந்திருந்த சிறுமி எழுந்து வேறிடம் போனாள், ஏன் என்று கேட்டோம், பதில் இல்லை. பின்னர் மகளும் பாடசாலைக்கு வரவில்லை. அப்பெண் நகருக்கும் போகவில்லை. கடிதத்தை அடுப்பிலே போட்டுவிட்டதாகக் கேள்விப்பட்டோம்.

அவளுடைய மறுபரிசோதனையின் முடிவு யாதென வாசகர் அறிய விரும்புவர். அது நமக்குத் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. அவளுக்கு நோயில்லை என்று கூறி முடித்தால் நம் நெஞ்சு ஆறுதல் அடையும்; அந்த ஆறுதலிலே ஒரு தீமை ஒளிந்திருக்கிறது. நோய் இல்லாதவளை ஒதுக்கியதுதான் பிழை, நோய் உள்ளவளை ஒதுக்குவது முறை என்று அது சொல்லாமற் சொல்லும். நாம் செய்த பிழை அவளுடைய இரத்தத்தில் என்ன இருந்தது என்பதைப் பொறுத்ததன்று. அவளுடைய செய்தியை அவளுக்கு முன் ஊர் அறியச் செய்தோம் என்பதே பிழை.

இனி, இத்தகைய துன்பம் நேர்கிறதென்று கருதி இச்சோதனைகளே வேண்டாமென்று முடிவு செய்யலாமா? ‘ஏழையின் மானத்தைக் கெடுக்கும் இந்த ஊசி எதற்கு?’ என்று நம் நண்பர் சிலர் கேட்கின்றனர். கேள்வியிலே அன்பு இருக்கிறது, அறிவு போதாது.

சிபிலிஸ் என்று மருத்துவர் கூறுவதையும் வெட்டை நோயையும் நம் முன்னோர் மேக நோய் என்ற ஒரே சொல்லால் மூடி வைத்தனர். சிபிலிஸின் தன்மையே ஒளிவதுதான். முதலில் தோன்றும் புண் பெரும்பாலும் நோவதில்லை, தானே ஆறிவிடும். ஆறியதை மனிதன் குணமென்று எண்ணுவான். பின்னர் நோய் பல ஆண்டுகள் குருதியிலே மௌனமாக இருக்கும். அந்த மௌனக் காலத்தில் ஒரு பெண் கருவுற்றால், குழந்தை வயிற்றிலேயே இறக்கலாம். பிறந்தும் நோயோடு பிறக்கலாம். தோட்டங்களிலே ‘பிள்ளை தங்கவில்லை’ என்று தெய்வத்தின் மீது பழி சுமத்திய தாய்மாருள் எத்தனை பேரின் குழந்தைகளை இந்த மௌனம் கொன்றதென்று யாரும் எண்ணி வைக்கவில்லை. இத்தனைக்கும் அதற்குரிய மருந்து பென்சிலின். விலை மலிந்தது, தொடக்க நிலையில் ஓர் ஊசியே போதும். இவ்வளவு எளிய மருந்து இருந்தும் ஒரு குழந்தை இறக்குமானால், யாரும் பார்க்கவில்லை என்பதே அதற்குக் காரணம்.

ஆகையாற்றான் இந்நாட்டில் கருவுற்ற தாய்மார் அனைவருடைய இரத்தத்தையும் வி.டி.ஆர்.எல். என்னும் சோதனைக்கு உட்படுத்துகின்றனர், பின்னர் எச்.ஐ.வி. சோதனையும் அதனோடு சேர்ந்தது. தாயிடமிருந்து குழந்தைக்கு எச்.ஐ.வி.யும் சிபிலிஸும் தொற்றுவதை இலங்கை ஒழித்துவிட்டதென உலக சுகாதார நிறுவனம் 2019 டிசம்பரிற் சான்று வழங்கிற்று. அச்சான்றைப் பெறுவதற்குக் கருவுற்றோருள் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேராவது கிளினிக்குக்கு வந்திருக்க வேண்டும்; அவ்வளவு விகிதத்தினர் சோதிக்கப்பட்டிருக்க வேண்டும்; நோயுற்றோருள் அவ்வளவு விகிதத்தினர் மருந்து பெற்றிருக்க வேண்டும். செல்வம் குவிந்த நாடுகள் பல எட்டாத நிலை இது. இலவச வைத்தியத்தை விலைக்கு விற்க மறுத்த ஒரு மக்கள் இயக்கத்தின் பயன் இது. மலைமலையாக ஏறி இறங்கிய மருத்துவமாதரின் கால்களின் பயன். அதை இகழ்வது முற்போக்கன்று.

மேலும், எண்ணப்படாமல் இருப்பது எவ்வளவு பெரிய கொடுமை என்பதை நம்மைவிட யார் அறிவார்? 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் நம் மக்களை இந்நாட்டின் கணக்கிலிருந்தே எடுத்துவிட்டது. எஞ்சியிருந்தோர் முழுதும் அக்கணக்கிற் சேர 2003ஆம் ஆண்டின் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் தோட்டத்துறையினர் நாட்டு மக்களுள் நூற்றுக்கு 4.4 பேரே. நாட்டின் சராசரி எவ்வளவு அழகாக இருந்தாலும், அதனுள் இந்த 4.4 பேரின் துன்பம் முழுவதையும் ஒளித்து வைக்க இடமுண்டு. தனியே எண்ணினாலன்றி அது வெளிப்படாது. எனவே, நம்மை எண்ண வேண்டாமென்பதன்று நம் வழக்கு. எதற்காக எண்ணுகிறீர்கள் என்பதே.

வரலாற்றைப் புரட்டினால், எண்ணியவர் பலர் நோயாளிக்காக எண்ணவில்லை என்பது தெரியும். பிரித்தானியாவில் 1864இல் தொற்று நோய்ச் சட்டம் என்று ஒன்று பிறந்தது. படைவீரர் தங்கிய நகரங்களிலே ஐயத்துக்குரியவளென்று காவலர் கருதிய எந்தப் பெண்ணையும் பிடித்துச் சென்று வலிந்து சோதிக்கலாம். நோயிருந்தால் அடைத்து வைக்கலாம். அவ்வாறு அடைத்த இடத்துக்கு ‘லொக் ஹொஸ்பிற்றல்’ என்று பெயர். படைவீரனை யாரும் சோதிக்கவில்லை. 1868இல் அதே சட்டத்தை இந்தியாவுக்கும் ஏற்றுமதி செய்தனர். ஏகாதிபத்தியத்துக்கு வேண்டியது பெண்ணின் நலமன்று, வீரனின் போர்த்திறம். ஜோசபின் பட்லர் என்னும் பெண்மணி தலைமை தாங்கி நடத்திய நெடும் போராட்டத்தின் பின் 1886இல் பிரித்தானியச் சட்டம் நீக்கப்பட்டது. அதற்கு முன்பே, 1871இல், விசாரணைக் குழுவின் முன் தோன்றி அச்சட்டத்தை எதிர்த்துச் சாட்சி சொன்னவருள் ஜோன் ஸ்டூவர்ட் மில்லும் ஒருவர். பெரும்பாலோரின் பெருநன்மையே அறம் என்று வாதித்த ஒருவரே, அந்நன்மையின் பெயரால் ஒரு பெண்ணின் உடலைச் சூறையாட இயலாதென்று நின்றது சிந்திக்கத்தக்கது.

நம் முன்னோரும் இத்தகைய கண்ணிலிருந்து தப்பவில்லை. தோட்டத்துக்கு வந்த கூலிகளை மண்டபம் முகாமிலே தடுத்து வைத்து, துணிகளை அவித்து, வாந்திபேதியும் அம்மையும் உண்டாவென்று பார்த்த பின்னரே தலைமன்னாருக்குக் கப்பலேற்றினர். 1916இல் தோட்டங்களிலே கொக்கிப்புழு ஒழிப்பு வேலை தொடங்கியபோது, துரைமாரின் கணக்கிலே புழு தின்றது தொழிலாளியின் குருதியை மட்டுமன்று, வேலை நாட்களையும். அவ்வேலை மருந்தும் கொடுத்தது, மலகூடமும் கட்டச் செய்தது என்பதை மறைக்க மாட்டோம். ஆயினும் நோயாளி குணமடைவதற்கும் கூலி பழுதுபார்க்கப்படுவதற்கும் வேறுபாடு உண்டு. எந்திரத்துக்கு எண்ணெய் இடுகிறவன் எந்திரத்திடம் அனுமதி கேட்பதில்லை.

நோக்குவது எவ்வளவு தூரம் கெட்டுப்போகும் என்பதற்கு அமெரிக்கா ஓர் எல்லைக்கல் நாட்டியிருக்கிறது. அலபாமா மாநிலத்தின் டஸ்கீகி என்னும் இடத்தில் 1932 முதல் 1972 வரை, நாற்பது ஆண்டுகள், அந்நாட்டுப் பொதுச் சுகாதாரச் சேவையினர் சிபிலிஸ் கண்ட 399 கறுப்பின ஏழை விவசாயிகளைக் கண்காணித்து வந்தனர். ‘கெட்ட இரத்தம்’ என்று அவர்களிடம் கூறினர், உண்மையைக் கூறவில்லை. 1940களின் நடுவிலேயே பென்சிலின் வந்துவிட்டது, அதையும் கொடுக்கவில்லை. நோய் மனிதனை எப்படித் தின்கிறதென்று குறிப்பெடுத்துக்கொண்டே இருந்தனர். அங்கே ஏடுகள் ஒழுங்காக இருந்தன, வைத்தியர்கள் கற்றவர்கள், சோதனைகள் துல்லியமானவை. கண்காணிப்பு என்ற முறையில் அதிற் குறையொன்றுமில்லை. மருத்துவம் மட்டுமே அங்கே இல்லை.

நம் மொழி வழங்கும் சென்னைக்கும் இதிலே ஒரு பங்குண்டு. 1986இல் சுனிதி சொலமன் என்னும் நுண்ணுயிரியல் பேராசிரியரும் அவருடைய மாணவியான செல்லப்பன் நிர்மலாவும் இந்தியாவில் முதன்முதலாக எச்.ஐ.வி. தொற்றைக் கண்டுபிடித்தனர். ‘இந்நோய் நம் பண்பாட்டில் வாராது’ என்று நாடே மார்தட்டியபோது, துணிந்து தேடிய அவ்விரு பெண்களுக்கும் இந்தியா பெரிதும் கடன்பட்டது. ஆனால் அவ்விரத்தம் யாருடையது? பாலியல் தொழிலிற் பிடிபட்டுக் காவல் இல்லத்தில் வைக்கப்பட்டிருந்த பெண்களுடையது. ஆறு பேரிடம் தொற்றுக் காணப்பட்டது. வேண்டாமென்று எழுந்து செல்ல அவர்களுக்குக் கதவில்லை. கண்டுபிடித்தவரின் பெயர் வரலாற்றில் உண்டு. கொடுத்தவரின் பெயர் இல்லை. பெயர் இல்லாததுதான் அவர்களுக்குப் பாதுகாப்பு என்று கூறலாம், அதுவும் உண்மை. ஆனால் பெயர் சொன்னால் அழிவு, சொல்லாவிட்டால் மறதி என்ற நிலையை அவர்களுக்கு உண்டாக்கிய சமூகம் எது?

இந்தப் பெயர்ப் பிரச்சினை மேலும் ஆழமானது. தோட்டத்திலே ‘பேர்’ என்பதற்குக் கூலி என்றும் பொருளுண்டு. செக்ரோலிலே பெயர் விழுந்தால் அன்றைய பேர் உண்டு. பிந்தி வந்தால் அரைப்பேர். வேலையை விட்டு நீக்கினால் ‘பேர் வெட்டியாயிற்று’ என்பர். நோய்க் கண்காணிப்பிலும் பேர் வெட்டும் முறையொன்று உண்டு. எச்.ஐ.வி. எவ்வளவு பரவியிருக்கிறதென அறிவதற்காக, வேறு காரணத்துக்கு எடுத்த இரத்தத்தில் மிஞ்சியதைப் பெயரையும் அடையாளத்தையும் நீக்கிவிட்டுச் சோதிப்பதை உலகின் பல நாடுகள் கைக்கொண்டன. யாருக்கும் அவமானம் இல்லை. கணக்கு மட்டும் கிடைக்கும். கேட்பதற்கு நன்றாயிருக்கிறது. ஆனால் அந்தக் குழாயிலே நோய் இருப்பது தெரிந்தாலும், உரியவளிடம் சென்று சொல்ல வழியில்லை. அவள் யாரென்று சோதித்தவனுக்கே தெரியாது. நாடு அறிந்துகொண்டது, அவள் அறியவில்லை. அமெரிக்காவில் பிறந்த குழந்தைகளின் இரத்தத்தை இவ்வாறு சோதித்து வந்த திட்டத்தை 1995இல் நிறுத்தினர். தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்றுவதைத் தடுக்க மருந்து உண்டென்று 1994இல் தெரிந்த பிறகு, தெரிந்தும் சொல்லாதிருப்பது பொறுக்க முடியாததாயிற்று. மருந்து இல்லாத காலத்தில் அறமாகத் தோன்றிய மௌனம், மருந்து வந்ததும் குற்றமாயிற்று. அறம் காலத்தோடு மாறிற்று என்பதல்ல. செய்யக்கூடியது பெருகும்போது கடனும் பெருகுகிறது.

நோய்க்குப் பெயரிடுவதிலும் ஒரு பழிச் சுமத்தல் இருக்கிறது. சிபிலிஸை இத்தாலியர் பிரெஞ்சு நோய் என்றனர். பிரெஞ்சுக்காரர் நேப்பிள்ஸ் நோய் என்றனர். உருசியர் போலந்து நோய் என்றனர். நாமோ பறங்கிப் புண் என்றோம். ஒவ்வொருவனும் அயலானைக் காட்டினான். இன்று ‘ஆபத்துக் குழுவினர்’ என்று ஏடுகளில் வகுக்கும்போது, அதே விரல் வேறு கையுறை அணிந்து நீள்கிறதோ என்று ஐயுறுகிறோம். இலங்கையில் 1993இல் எச்.ஐ.விக்கான காவல்முனைக் கண்காணிப்புத் தொடங்கியபோது, பாலியல் தொழிலில் உள்ள பெண்களும் பாலியல் நோய் நிலையங்களுக்கு வருவோரும் காசநோயாளரும் அதிலே நோக்கப்பட்டனர். நோய் அதிகம் நுழையக்கூடிய வாயிலில் காவல் வைப்பது அறிவியலுக்குப் பொருந்தும். ஆயின், அதே பெண்களை 1841ஆம் ஆண்டின் அலைந்து திரிவோர் சட்டத்தைக் கொண்டு காவலர் பிடித்துச் செல்லக்கூடிய நாட்டிலே, ஒரு கை சோதனைக்கு அழைக்க, மறுகை விலங்கு காட்டுகிறது. பயந்தவள் ஒளிவாள், ஒளிந்தவளின் நோய் எந்தக் கணக்கிலும் ஏறாது.

தோட்டத்திலோ மற்றொரு வகைப் பார்வைக் கோணல் உண்டு. கிளினிக்குக்கு வருபவள் பெண்; ஆகவே சோதிக்கப்படுபவள் பெண்; ஆகவே நோய் காணப்படுபவளும் பெண். இறப்பர் பால் வெட்டி முடித்து மாணிக்கக் குழிக்குப் போகும் ஆண், கொழும்பிலே கடையில் நின்று தீபாவளிக்கு மட்டும் ஊர் வரும் ஆண், இவர்களின் இரத்தத்தை யாரும் கேட்பதில்லை. விளக்கு எங்கே இருக்கிறதோ அங்கேதான் அழுக்குத் தெரியும். தெரிந்த இடத்துக்கே பழியும் சேரும். கணவனையும் அழைத்துச் சோதித்து மருந்து கொடுக்க வேண்டுமென்பது மருத்துவ விதி. ஆனால் முதலிற் கண்டறியப்பட்டவளே முதலிற் குற்றவாளி என்று லயத்து நீதிமன்றம் தீர்ப்பளித்துவிடுகிறது. வீட்டு வேலைக்காக வளைகுடா நாடுகளுக்குச் செல்லும் பெண்ணின் நிலையும் இஃதே. அங்கே பல நாடுகளில் எச்.ஐ.வி. சோதனை கட்டாயம்; தொற்று இருந்தால் மருந்து இல்லை, திருப்பி அனுப்புதலே உண்டு. எசமானின் வீட்டைக் காக்கச் செய்த சோதனை அது. அவளைக் காக்கச் செய்ததன்று.

‘ஒருத்தியின் மானம் பெரிதா, நூறு பேரின் உயிர் பெரிதா?’ என்று கேட்பவர் உளர். மானமும் உயிரும் தராசின் இரு தட்டுக்களில் எதிரெதிரே கிடப்பதாக எண்ணுவதால் எழும் வினா இது. நம் கடிதக் கதையே அதற்கு விடை. இரகசியம் உடைந்ததும் அவள் கிளினிக்கை விட்டு விலகினாள். அவளோடு பேறுகாலம் நெருங்கிய வேறு பெண்கள் இருவரும் இரத்தம் கொடுக்க அஞ்சியதைப் பின்னர் அறிந்தோம். மானம் போன வழியே நலமும் போயிற்று.

எனினும், இந்த விடையோடு நாம் நிறைவடைதல் கூடாது. மானத்தைக் காப்பது பயன் தருவதால் மட்டும் காக்கவேண்டுமெனின், பயனில்லாத இடத்தில் காவாது விடலாம் என்றாகும். கதவைப் பூட்டி வைத்துச் சோதிக்க வல்ல அரசு, ‘எங்களுக்கு அவர்களின் நம்பிக்கை தேவையில்லை, பூட்டுப் போதும்’ என்று சொல்லிவிடும். ஆகவே பயனுக்கும் அடியிலே ஒரு தத்துவம் வேண்டும். மனிதனை வெறும் கருவியாக மட்டும் கொள்ளாதே என்று ஜெர்மானிய ஞானி காண்ட் கூறியதை மாணவர் படிக்கின்றனர். தோட்டத்திலே அப்பாடம் வேறு விதமாகப் படிக்கப்படுகிறது. நாள் முழுதும் கிலோக் கணக்கில் கொழுந்தாக மட்டுமே மதிக்கப்படும் ஒருத்தி, மாலையிற் கிளினிக்கிலும் ஒரு குழாய் இரத்தமாக மட்டுமே மதிக்கப்பட்டால், இரு மதிப்பும் ஒரே மதிப்புத்தான். சுரண்டல் உழைப்பில் மட்டும் நிகழ்வதன்று, அறிவிலும் நிகழும். ஒருவரிடமிருந்து அவரைப் பற்றிய அறிவை எடுத்துக்கொண்டு, அதன் பயனை அவருக்குக் கொடாமல் விடுவதும் மிகைமதிப்பைக் கவர்வதே.

திருக்குறளின் பொருட்பாலிலே ஒற்றாடல் என்று ஓர் அதிகாரம் உண்டு. மருந்து என்றும் ஓர் அதிகாரம் உண்டு. இரண்டுமே அறிதலைப் பற்றியவை. ஒற்றன் தன்னை மறைத்துக்கொண்டு பிறரை அறிகிறான். அறியப்பட்டவன் அதை அறியாதிருத்தலே அத்தொழிலின் வெற்றி. அறிந்தது அரசனுக்குப் போகும். மருந்து அதிகாரத்திலோ வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறாக வகுக்கும்போது, வைத்தியனையோ மருந்தையோ முதலில் வைக்கவில்லை. நோயுற்றவனையே முதலில் வைத்தார். பொதுச் சுகாதாரக் கண்காணிப்பு இவ்விரு அதிகாரங்களுள் எதிலே சேரும் என்பதை அதன் கருவிகள் தீர்மானிப்பதில்லை. ஊசி ஒன்றே, குழாய் ஒன்றே. அறிந்தது யாரிடம் முதலிற் போகிறது என்பதே தீர்மானிக்கிறது.

இக்கருத்து வெறுங் கனவன்று. இதே சப்பிரகமுவா மண்ணிலே அதற்கு முன்மாதிரி உண்டு. 1934-35இல் மலேரியா இந்நாட்டில் சுமார் 80,000 உயிர்களைக் கொண்டு சென்றபோது, கேகாலைப் பகுதி பெரிதும் அழிந்த இடங்களுள் ஒன்று. சூரியமல் இயக்கத்து இளைஞர்கள் அங்கே வீடு வீடாகச் சென்றனர். எத்தனை பேர் கிடக்கின்றனர், எத்தனை பேர் இறந்தனர் என்று அவர்களும் எண்ணத்தான் செய்தனர். ஆனால் அவர்களுடைய கையில் மருந்தும் உணவும் இருந்தன. பருப்புக் கொண்டுவந்த என். எம். பெரேராவை மக்கள் ‘பருப்பு மாத்தையா’ என்று அழைத்தனர். எண்ணுவதற்காகக் கதவைத் தட்டியவனுக்கும் உணவோடு வந்து எண்ணிச் சென்றவனுக்கும் உள்ள வேற்றுமையை, எழுத்தறியாத அம்மக்கள் அந்த ஒரு பெயரிலே எழுதிவைத்துவிட்டனர்.

நம் தோட்டத்துக் கதையிலும் அத்தகைய ஒருவர் வந்தார். அப்பகுதியின் மருத்துவமாது ஒரு சிங்களப் பெண்மணி. தமிழைத் தட்டுத் தடுமாறிப் பேசுபவர். கடிதத்துக்குப் பதில் வாராமை கண்டு, பதினோராம் நாள் மாலை மலையேறி வந்தார். நேரே அவள் வீட்டுக்குப் போகவில்லை. பக்கத்துக் காம்பராவிலே பிறந்த குழந்தையை நிறுத்துப் பார்ப்பவர் போலச் சென்று, அங்கிருந்தபடியே இவளையும் பார்த்தார். அச்சோதனை முதற் சல்லடை மட்டுமே என்றும், கருவுற்றிருப்பதாலேயே, அல்லது வேறு காய்ச்சலாலேயே கூட அது தவறாகக் காட்டக்கூடும் என்றும், அதனாற்றான் இரண்டாவது சோதனை என்றும் விளக்கினார். நோயே இருந்தாலும் மருந்துண்டு, குழந்தை பிழைக்கும் என்றார். மறுநாள் காலை பஸ்ஸிலே தம்மோடு அழைத்துச் சென்றார். இவற்றையெல்லாம் பல மாதங்களின் பின் அப்பெண்ணே நம்மிடம் கூறினாள். அவள் கூறாமல் விட்டதை நாம் கேட்கவில்லை.

அம்மருத்துவமாது செய்தது கண்காணிப்புத்தான். அவரிடம் ஏடு இருந்தது. ஏட்டிலே பெயர் இருந்தது. வாராதவள் யாரென்று பார்த்துத் தேடி வந்தார். கங்காணியும் அவ்வாறே வாராதவளைத் தேடி லயத்துக்கு வருவான். இருவர் செயலும் வெளியிலிருந்து பார்ப்பவனுக்கு ஒன்றே. ஒருவன் தோட்டத்துக்காகத் தேடினான். மற்றவர் அவளுக்காகத் தேடினார். நாம் தேடிய வேறுபாடு இதுவே.

ஆயினும், நல்லிதயம் படைத்த ஒருவரின் கால்களை நம்பி ஒரு நாட்டின் அறம் நிற்கலாகாது. அவர் மாற்றலாகிப் போனால் என்ன செய்வது? ஆகவே நல்லியல்பை முறையாக்க வேண்டும். தமிழ் பேசும் பெண்ணுக்குத் தமிழிலே கடிதம் வரவேண்டும். அக்கடிதத்தில் நிலையத்தின் பெயர் நோயைக் காட்டிக்கொடுக்கும் வகையில் இருத்தலாகாது. கிளினிக்குக்குப் போகும் நாளிலே அவளுடைய பேர் வெட்டப்படலாகாது. கூலியை இழந்து நலத்தை வாங்கச் சொல்வது ஏழையிடம் இருமுறை வரி கேட்பதாகும். இரத்தம் எடுக்குமுன் எதற்கென்று சொல்ல வேண்டும். எடுத்தபின் முடிவு அவளிடமே முதலிற் சேரவேண்டும். கணவனையும் அழைக்கவேண்டும், அழைக்கும்போது அவளைக் காட்டிக்கொடுக்காமல் அழைக்கவேண்டும். இவை கருணையாகக் கேட்பவை அல்ல. தாய்-சேய் தொற்று ஒழிப்புச் சான்றுக்கு உலக சுகாதார நிறுவனம் வகுத்த விதிகளிலேயே மனித உரிமை பேணப்பட்டதா என்ற ஆய்வும் ஒரு கூறு. நாட்டின் மிகப் பின்தங்கிய பகுதியொன்றிலாவது இலக்கு எட்டப்பட்டிருக்க வேண்டும் என்பதும் ஒரு கூறு. சான்று சுவரிலே தொங்குகிறது. அதன் பொருள் லயத்திலும் விளங்கவேண்டும்.

ஆசிரியர்களாகிய நமக்கும் இதிலே கடனுண்டு. உயிரியற் புத்தகத்தில் அப்பாடம் வரும்போது, ‘வீட்டிலே வாசித்துக்கொள்ளுங்கள்’ என்று கூறிப் பக்கத்தைப் புரட்டியவர் நம்முள் எத்தனை பேர்? நாமும் புரட்டியவர்களே. நாம் வகுப்பிலே காத்த மௌனந்தான் பைப்படியிலே இரைச்சலாயிற்று. அச்சிறுமி வாங்கிலிருந்து எழுந்து போனபோது, அவளுக்கு இந்நோய் ஒரே வாங்கில் அமர்வதால் தொற்றாது என்று முன்பே கற்பித்திருக்க வேண்டியவர் யார்?

இப்போது அப்பாடத்தை நாம் வகுப்பிலேயே படிப்பிக்கிறோம். முதல் ஆண்டு, பையன்கள் சிரித்தார்கள்; பெண்கள் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இப்போது கேள்விகள் வருகின்றன. அலுவலகச் சிங்களத்தையும் ஓரளவு கற்றுக்கொண்டோம். இன்றும் சிங்களக் கடிதத்தோடு தாய்மார் பாடசாலைக்கு வருகின்றனர். கதவைச் சாத்திவிட்டு, முதலில் நாம் மட்டும் வாசித்து, பின்னர் அவர்களுக்கு மட்டும் சொல்கிறோம். நாம் வாசிக்கவே தேவையில்லாதவாறு அக்கடிதம் அவள் மொழியிலே, அவள் கைக்கு நேரே வரும் நாள் வரவேண்டும். அதுவரை, நமக்குத் தெரிந்தது அவளுடையது என்பதை மறவாமல் இருப்போம்.